ஏக்கர் 13 இலட்சம்: தம்பலகாமத்தில் வயல் வாங்கிக் கற்றுக்கொண்டவை

நான் திருகோணமலையில் 31 வருடம் கணிதம் படிப்பித்தவன். சராசரி, இடையம், மாதிரி என்று கரும்பலகையில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்டவன்தான் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் ஒரு வயல் துண்டின் விலையைக் கணக்கிடத் தெரியாமல், ஓய்வூதியக் காலத்துக்கென்று வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியைச் சேற்றில் விட்டேன். இரண்டு வருடமாக இதை யாரிடமும் முழுமையாகச் சொல்லவில்லை. மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரியும். இப்போது எழுதுவதற்குக் காரணம், என்னோடு ஓய்வு பெற்றவர்களில் இருவர் என் வயல் இருக்கிற அதே வாய்க்கால் ஓரம் காணி பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டதுதான்.

அரச ஊழியர்களின் ஓய்வு வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டதால், 2022 டிசம்பர் 31 அன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனோம். அந்த நேரத்து மனநிலையை நினைவூட்ட வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பணத்தைக் கையில் வைத்திருந்தால் அது கரைந்துவிடும் என்ற பயம் எல்லோர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்திருந்தது. "காசை வங்கியில் போடாதே, காணியில் போடு" என்று சொல்லாத ஆள் இல்லை. பத்திரிகையிலும் காணி விலை ஏறுவதாக மத்திய வங்கியின் காணி மதிப்பீட்டுக் குறிகாட்டியை மேற்கோள் காட்டிச் செய்தி வந்தது. அதை வெட்டி வைத்துக்கொண்டேன். அந்தக் குறிகாட்டி கொழும்பு மாவட்டத்தை மட்டும் அளப்பது, அதிலும் குடியிருப்பு, வர்த்தக, கைத்தொழில் காணிகளை மட்டும் அளப்பது என்பதைச் செய்தியின் கடைசிப் பத்தி வரை வாசித்திருந்தால் அன்றே அறிந்திருப்பேன். கொழும்பின் கொள்ளுப்பிட்டியில் ஒரு பேர்ச்சின் (ஏக்கரில் 160 இல் ஒரு பங்கு) விலை ஏறுவதற்கும் தம்பலகாமத்து வயலுக்கும் என்ன உறவு? ஆனால் பயந்தவன் தனக்குச் சாதகமான எண்ணைத்தான் தேடுவான். நான் பணத்தைக் கொடுத்து இரண்டு மாதம் கழித்து, 2023 ஆகஸ்ட்டில், பணவீக்கம் 4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. முதல் வருடத்துப் பயத்துக்கு அடுத்த வருடம் விலை கொடுத்திருக்கிறேன்.

வயல் பார்க்கத் தொடங்கியபோது மூன்று தரகர்களைத் தனித்தனியாகச் சந்தித்தேன். ஒருவர் நகரத்தில், ஒருவர் கிண்ணியாவில், ஒருவர் தம்பலகாமத்திலேயே இருந்தார். மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் போலத்தான் இருந்தது. மூவரும் ஒரே வாயால் சொன்னார்கள்: "இப்ப அந்தப் பக்கம் ஏக்கர் பதின்மூன்று போகுது சேர்." மூன்று தரவுகள் ஒத்துப்போகின்றன, இனிச் சந்தேகம் வேண்டாம் என்று தீர்மானித்தேன். எட்டு மாதம் கழித்துத் தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதுதான், மூவரும் சொன்னது ஒரே ஒரு விற்பனையை என்று தெரிந்தது. கண்டி வீதிக்கு முகம் காட்டி நின்ற ஒரு துண்டை ஒருவர் கடை கட்டும் எண்ணத்தோடு வாங்கியிருக்கிறார். அவர் வாங்கியது வயலை அல்ல, வீதியோரத்தை. அந்த ஒரு விலை மூன்று வாய்களில் புகுந்து மூன்று விலையாக என்னிடம் வந்து சேர்ந்தது. ஆகவே யாராவது விலை சொன்னால், எந்தத் துண்டு, எந்த மாதம், வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார் என்ற நான்கையும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது விலை அல்ல, வதந்தி. பதில் இருந்து, இரண்டு பேரின் பதில் ஒரே துண்டைக் காட்டினால், அதை ஒன்றாகவே எண்ணுங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயல் அடிக்கடி கைமாறுகிற பொருள் அல்ல. எங்கள் வாய்க்காலில் அறுபது சொச்சம் துண்டுகள் இருக்கின்றன. ஐந்து வருடத்தில் கைமாறியவை நான்கு என்று பிறகு வீடு வீடாகக் கேட்டு எண்ணினேன். அவற்றில் ஒன்று மகளுக்குச் சீதனமாக எழுதியது, ஒன்று அண்ணன் தம்பிக்குள் பங்கு தீர்த்தது, ஒன்று ஈடு வைத்து மீட்க முடியாமல் கடன்காரருக்கே போனது. யாரும் யாரையும் அறியாத நிலையில் பேரம் பேசி விற்கப்பட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வைத்து "சந்தை விலை" என்று பேசுவது, வகுப்பில் ஒரு பிள்ளையின் புள்ளியைப் பார்த்துப் பாடசாலையின் தரத்தைச் சொல்வது போன்றது. போதாததற்குக் கந்தளாய்ப் பக்கத்துக் குடியேற்றத் திட்டக் காணிகளின் விலையும் இந்தப் பேச்சில் கலந்துவிடும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசின் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ கிடைத்த காணியை உரிமையாளர் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது, பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். அதனால் அது மலிவாகப் பேசப்படும். உறுதி (கிரயப்பத்திரம்) உள்ள காணியையும் இப்படியான பெர்மிட் காணியையும் ஒரே பட்டியலில் போட்டுச் சராசரி பார்த்தால், வருகிற எண் இரண்டில் எதற்கும் பொருந்தாது.

வாங்கும் முன் நான் ஒரு நல்ல காரியமும் செய்ய முயன்றேன். காணிப் பதிவகத்துக்குப் போய், அயல் துண்டுகளின் ஏடுகளைத் தேடிப் பார்த்தேன். அங்கே எழுதியிருந்த பெறுமதிகள் ஏக்கர் 3 இலட்சம், 4 இலட்சம் என்று இருந்தன. அப்போதாவது நின்று யோசித்திருக்கலாம். "அதெல்லாம் முத்திரைக்கு எழுதுற விலை, அதைப் பார்க்காதீங்கோ" என்றார் தரகர். அவர் சொன்னதில் பொய் இல்லை. கைமாற்ற உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமும் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான் கொடுத்த 32,50,000 ரூபாவுக்கு உண்மையாக எழுதியிருந்தால் 1,29,000 ரூபா வரும். உறுதியில் 15 இலட்சம் என்று எழுதினோம், 59,000 ரூபாவோடு முடிந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கணக்கில் நேர்மையைப் படிப்பித்தவன் 70,000 ரூபாவுக்காக ஒரு பொய் எண்ணில் கையொப்பம் வைத்தேன். அந்தப் பொய் என்னிடமே திரும்பி வந்தது. 2024 கடைசியில் ஒரு அவசரத்துக்காக வயலை விற்கப் போனபோது, வாங்க வந்தவர் பதிவகத்தில் என் உறுதியின் பிரதியை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "மாஸ்டர், நீங்களே பதினைந்துக்குத்தானே வாங்கினீங்கள்?" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? உண்மையைச் சொன்னால் தீர்வையை ஏய்த்தவன், சொல்லாவிட்டால் முட்டாள். இதற்கு மேல், 2018 ஏப்ரலிலிருந்து மூலதன ஆதாய வரியும் இருக்கிறது. கொள்விலையைக் குறைத்து எழுதியவன், பின்னால் விற்கும்போது இல்லாத இலாபத்துக்கு வரி கட்ட நேரிடலாம். நாட்டில் வயல் விலை பற்றி நம்பத்தக்க எண் இல்லை என்று குறைப்படுகிறவர்களில் நானும் ஒருவன், அந்த ஏட்டைக் கெடுத்தவர்களிலும் நானே ஒருவன்.

அடுத்தது பரப்பு. உறுதியில் இரண்டரை ஏக்கர் என்று இருந்தது. பழைய வரைபடம் ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. அளப்பதற்கு 38,000 ரூபா கேட்டார்கள் என்பதால் வாங்கும் முன் அளக்கவில்லை. 32 இலட்சம் கொடுக்கத் துணிந்தவனுக்கு 38 ஆயிரம் கனத்தது, மனிதனின் புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது. செப்டெம்பரில், உழவு தொடங்கும் முன், எல்லையில் ஒரு சச்சரவு வந்ததால் நில அளவையாளரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவர் அளந்து கொடுத்தது 2 ஏக்கர் 17 பேர்ச். ஒரு பக்கம் வாய்க்கால் ஒதுக்கீடு, இன்னொரு பக்கம் அயலவர் வருடாவருடம் சரித்து வந்த வரம்பு, மூன்றாவது பக்கம் வண்டிப் பாதை. 400 பேர்ச்சுக்குப் பணம் கொடுத்தவனுக்குக் கிடைத்தது 337 பேர்ச். குறைந்த 63 பேர்ச்சுக்கு நான் கொடுத்த பணம் 5,11,875 ரூபா. ஏக்கர் 13 என்று வாங்கியது உண்மையில் ஏக்கர் பதினைந்தரை இலட்சத்துக்குச் சற்றே குறைவாக முடிந்திருக்கிறது. அன்று இரவு சாப்பிடவில்லை, வயிற்று வலி என்று மனைவியிடம் சொன்னேன்.

விளைச்சல் கணக்கிலும் இதே பிழையைச் செய்திருந்தேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு போகத்துக்கும் மாவட்ட வாரியாக நெல் புள்ளிவிபரம் வெளியிடுகிறது. வயல்களில் மாதிரிக் கட்டங்களை அறுவடை செய்து நிறுத்து எடுக்கிற கணக்கு அது, அவ்வளவு சுலபமாகக் குறை சொல்ல முடியாதது. அதிலிருந்து திருகோணமலையின் சராசரி விளைச்சலை எடுத்து, இரண்டரை ஏக்கரால் பெருக்கி, வருமானம் இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி மனைவிக்குக் காட்டியிருந்தேன். அட்டவணையில் மொத்தப் பரப்பு, நிகரப் பரப்பு என்று இரண்டு நிரல்கள் இருப்பதையும், வரம்புகளைக் கழித்த நிகர ஹெக்டேயருக்குத்தான் விளைச்சல் சொல்லப்படுகிறது என்பதையும் கவனிக்கவில்லை. உறுதியில் உள்ள பரப்பில் வரம்பும் அடங்கும், வரம்பில் நெல் விளையாது. ஹெக்டேயரை ஏக்கராக்கி, கிலோவைப் புசலாக்கி (ஒரு புசல் நெல் ஏறக்குறைய 20.9 கிலோ), அதற்குப் பிறகும் வரம்பைக் கழிக்காமல் விட்டால், தாளில் விளைகிற நெல் வயலில் விளையாது. புள்ளிவிபரம் சரியாகத்தான் சொல்லியிருந்தது. தலைப்பை வாசிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவன் நான்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் தண்ணீர். என் துண்டு கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வருகிற ஒரு கிளை வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கிறது. நான் முதன்முதலில் பார்க்கப் போனது ஜனவரியில். மழை பெய்து ஓய்ந்து, பெரும்போகப் பயிர் பச்சைப் பாயாக நின்ற நேரம், வாய்க்கால் நிறையத் தண்ணீர். ஜனவரியில் வயல் பார்க்கிறவன் கலியாண வீட்டில் பெண் பார்க்கிறவனைப் போல, எல்லாமே அழகாகத் தெரியும். வயலை ஆகஸ்ட்டில் பார்க்க வேண்டும். மழை குறைந்த மாதங்களில் வரும் சிறுபோகத்துக்கு எந்த வாய்க்கால் வரை தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதெல்லாம் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து விதைப்புக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். தண்ணீர் குறைந்த வருடங்களில் கடைசியில் இருப்பவர்களின் முறை வராமலே போகும். மாவட்டத்தில் சிறுபோகத்தில் இத்தனை ஆயிரம் ஹெக்டேயர் விதைக்கப்பட்டது என்று ஏட்டில் இருக்கும் எண்ணில் உங்கள் துண்டு இருக்கிறதா என்பதை எந்த ஏடும் சொல்லாது. கமக்காரர் அமைப்பின் பழைய செயலாளர் ஒருவர் நினைவிலிருந்து சொன்னார்: கடந்த பத்துச் சிறுபோகத்தில் என் துண்டு விதைக்கப்பட்டது நான்கு தடவை. அவர் வீட்டுக்கு வாங்கும் முன்பே போயிருந்தால் ஒரு தேநீர்ச் செலவோடு முடிந்திருக்கும்.

பிறகு ஒரு தம்பி வந்தார். வயலை உழவு இயந்திரத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒக்டோபரில் போனபோது, ஒருவர் ஏற்கெனவே வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். பழைய உரிமையாளரிடம் பதினொரு வருடமாகக் குத்தகைக்குச் செய்து வருபவர். விவசாயிகளின் பதிவுகளை வைத்திருக்கும் அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் செய்கையாளராக அவர் பெயர்தான் இருந்தது, ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டுகளும் அவரிடமே இருந்தன, பசளை மானியமும் அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. எனக்கு விற்றவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1958 இல் அப்போதைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் முதல் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, நெற்காணியைக் குத்தகைக்குச் செய்பவரை உரிமையாளர் நினைத்தபடி எழுப்பிவிடக் கூடாது என்பதே சட்டத்தின் போக்கு. நான் கோபத்தோடு போனேன், அவர் நிதானமாகப் பேசினார். "மாஸ்டர், நான் உங்கட காணியைக் கேட்கேல்ல. நான் செய்யிற வயலை விடச் சொல்லாதீங்கோ" என்றார். நான்கு மாதம் நிலையத்துக்கும் சட்டத்தரணி வீட்டுக்கும் அலைந்தேன். பயணமும் ஆலோசனையும் சேர்த்து 60 ஆயிரத்துக்கு மேல் போயிற்று. கடைசியில் அவரையே செய்ய விட்டேன். அவரில் பிழை இல்லை என்பதை ஒத்துக்கொள்ள எனக்கு அந்த நான்கு மாதமும் தேவைப்பட்டது. பிழை என்னவென்றால், ஆள் இருக்கிற வயலுக்கு ஆள் இல்லாத வயலின் விலையைக் கொடுத்ததுதான்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு நிழல் பக்கமும் உண்டு. குத்தகைக்குச் செய்பவருக்கு உரிமை வந்துவிடும் என்ற பயத்தில், பல உரிமையாளர்கள் குத்தகையை வாய்ப்பேச்சோடு வைத்துக்கொள்கிறார்கள், போகத்துக்குப் போகம் ஆளை மாற்றுகிறார்கள், பதிவேட்டில் தாங்களே செய்வதாக எழுதுவிக்கிறார்கள். ஆகவே யாருடைய காணியை யார், என்ன குத்தகைக்குச் செய்கிறார் என்பது எந்த ஏட்டிலும் உள்ளபடி ஏறுவதில்லை. விற்பனை விலை குறைத்து எழுதப்படுகிறது, குத்தகை எழுதப்படுவதே இல்லை.

இருந்தும், விலையைவிடக் குத்தகையே உண்மைக்குக் கிட்டவான எண் என்பது என் இப்போதைய எண்ணம். விலையில் பயம், பெருமை, வெளிநாட்டுப் பணம், நாளைக்கு வீதி வரும் என்ற கனவு எல்லாம் கலந்திருக்கும். குத்தகை கொடுப்பவர் இந்தப் போகத்தில் நெல் விற்று மிஞ்சுவதைத்தான் கணக்குப் பார்ப்பார், கனவுக்குக் காசு கொடுக்கமாட்டார். எனக்கு அந்தத் தம்பி கொடுப்பது பெரும்போகத்துக்கு ஏக்கர் 18,000 ரூபா, அதுவும் நெல் நிற்கிற இரண்டு ஏக்கருக்கு மட்டும். ஆக 36,000. 2024 சிறுபோகத்தில் தண்ணீர் வரவில்லை, குத்தகையும் இல்லை. 32,50,000 ரூபாவை 36,000 ஆல் வகுத்தால் 90 வருகிறது. போட்ட காசைக் குத்தகையாக எடுக்க 90 வருடம். எனக்கு இப்போது 62 வயது. நான் வாங்கிய மாதம் என் வங்கி ஓராண்டு வைப்புக்கு 15 சதவீத வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு வருட வட்டி மட்டும் 4,87,500 ரூபா.

ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் வெளிநாட்டு எண்களையும் தேடினேன். ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களம் ஆண்டுதோறும் ஆகஸ்ட்டில் பயிர்நிலத்தின் விலையையும் ரொக்கக் குத்தகையையும் மாநில வாரியாக வெளியிடுகிறது. 2024 இல் நாட்டுச் சராசரி விலை ஏக்கர் 5,570 டொலர், குத்தகை 160 டொலர். வகுத்தால் ஏறத்தாழ 35 வருகிறது. அந்த நாட்டு நிலமும் நம் நிலமும் ஒன்றல்ல, 35 தான் சரியான எண் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் விலையையும் குத்தகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே ஒருவருக்கு இடம் இருக்கிறது. இங்கே அந்த வகுத்தலை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். வாங்கும் முன் பக்கத்துத் துண்டுகளில் செய்கிற மூன்று பேரிடம் "ஏக்கருக்கு என்ன கொடுக்கிறீர்கள், கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை போகத்துக்குக் கொடுத்தீர்கள்" என்று கேட்டால் போதும். தரகர் மறைக்கிற தண்ணீரும், உறுதி மறைக்கிற பரப்பும் அந்தப் பதிலில் வெளியே வந்துவிடும். ஒருவேளை 2019 இல் 7 இலட்சம் இருந்தது இப்போது 13 ஆகியிருக்கிறது, இரட்டிப்பு இலாபம் என்று தரகர் உங்களை இழுத்தால், அதே காலத்தில் அரிசியும் சீனியும் மண்ணெண்ணெயும் எவ்வளவு ஏறின என்று திருப்பிக் கேளுங்கள். சந்தையில் எல்லாமே ஏறக்குறைய இரட்டித்த காலத்தில் காணியும் இரட்டித்திருந்தால், அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

2024 இல் வயலை வாங்க வந்தவர் ஏக்கர் எட்டரை இலட்சம் என்று கேட்டார், அளந்த பரப்புக்கு மட்டும். கொடுக்கவில்லை. அவசரத்துக்கு மனைவியின் காப்பு இரண்டு அடகுக்குப் போனது. அதன் பிறகு ஒரு எண்பது பக்கக் கொப்பி வாங்கி, எங்கள் வாய்க்காலுக்கு மட்டும் ஒரு பதிவு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி: அளந்த பரப்பு, பேசிய விலை, கைமாறிய பணம், உறுதியில் எழுதிய விலை, குத்தகை, சிறுபோகத்தில் விதைத்த வருடங்கள், பதிவேட்டில் யார் பெயர். என் வயலுக்கான வரியை எழுதியபோது கை தயங்கியது, ஆனாலும் உள்ளபடியே எழுதினேன். வயலைச் செய்கிற தம்பிதான் பாதித் தகவலைக் கொண்டுவந்து தருகிறார். சென்ற வாரம் என்னிடம் படித்த ஒருவர், இப்போது கட்டாரில் வேலை செய்கிறவர், தொலைபேசியில் கேட்டார்: "சேர், தம்பலகாமத்தில் ஏக்கர் பதினாறு என்று சொல்லுறாங்கள், சரியோ?" எந்தத் துண்டு என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. விடுமுறையில் வருவது ஆகஸ்ட்டில் என்றார். நல்ல மாதம், சந்தியில் இறங்கிக் கூப்பிடு, வாய்க்கால் முடிகிற இடத்திலிருந்து நடந்து வருவோம் என்று சொல்லியிருக்கிறேன்.